அந்தப் பதிவேட்டை யார் படிக்கிறார்கள்?

மெடிக்கல் ஷாப்பில் கல்லாவுக்குப் பின்னால், பில் கட்டுகளுக்கு நடுவே ஒரு நீள நோட்டு இருக்கும். மேல் அட்டையில் 'எச்1 ரெஜிஸ்டர்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருப்பார்கள். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரின் பெயர், அவர் முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். இந்த நோட்டை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் எடுத்து நீட்ட வேண்டும்.

நான் மருந்தாளுநர். ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர் மெடிக்கலில் பல வருடம் கவுன்டரில் நின்றவள். இப்போது ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இருக்கிறேன். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்துகளை நம் ஊரில் எப்படிக் கண்காணிக்கிறோம் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது இந்த நோட்டுதான். அதில் இருக்கும் விவரம் சில நேரம் ஓர் உயிரைக் காப்பாற்றப் போதுமானது. ஆனால் அந்த விவரம் யாருக்குத் தேவையோ அவருக்குப் போய்ச் சேருவதே இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க என் ஆதங்கம் அதுதான்.

இந்த நோட்டு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. 2010-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. கடைசிக் கட்டத்தில் மட்டும் கொடுக்கும் கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கே மசியாத கிருமிகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருக்கின்றன என்றது அது. அந்த எதிர்ப்புச் சக்தியைத் தரும் என்டிஎம்-1 நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் டெல்லியில் பெரிய கொந்தளிப்பு. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சென்னையில் சேகரித்த மாதிரிகளும் அந்த ஆய்வில் இருந்தன. 2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு வழிவரைபடம் தயாரித்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அதற்குப் பெயர். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அதன் நிதானம். டாக்டரே இல்லாத கிராமங்கள் இருக்கும் நாட்டில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் பூட்டிவிட முடியாது, படிப்படியாகப் போவோம் என்று அது சொன்னது.

2013 ஆகஸ்ட் 30 அன்று மத்திய அரசு எச்1 என்ற புது அட்டவணையை அறிவித்தது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது மொத்தம் 46 மருந்துகள். செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின், மெரோபெனம் மாதிரியான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அப்புறம் பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய அல்ப்ரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம், டிரமடால், கோடீன் போன்றவை. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள், இடது மூலையில் சீட்டு மருந்து என்பதைக் காட்டும் ஆர்எக்ஸ் குறியும் சிவப்பில் இருக்கும். அதிகமாக விற்கும் அசித்ரோமைசின் அந்த 46-ல் இல்லை. அது பழைய எச் அட்டவணையில் இருக்கிறது. அதற்கும் சீட்டு கட்டாயம்தான், ஆனால் நோட்டில் எழுத வேண்டியதில்லை.

சரி, நோட்டு எப்படி நிரம்புகிறது? நான் வேலை பார்த்த ஒரு கடையில் பில் போடும் மென்பொருளில் டாக்டர் பெயர் இல்லாமல் பில் நகராது. கூட்ட நேரத்தில் ஒவ்வொரு சீட்டையும் பார்த்துப் பெயர் அடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் ஊரில் பெயர் தெரிந்த ஒரு டாக்டரின் பெயரைத் தானாகவே வரும்படி வைத்திருந்தார்கள். சீட்டே இல்லாமல் வந்தவருக்கும் அதே பெயர்தான். ராத்திரி கடை சாத்துவதற்கு முன்னால் பில்களைப் பார்த்து நோட்டில் ஏற்றுவார்கள். நோட்டைத் திறந்து பார்த்தால், அந்த ஊரில் இருக்கும் அத்தனை பேரின் சளி, மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஒரே டாக்டர் வைத்தியம் பார்த்ததாக இருக்கும். அந்த டாக்டருக்கு இது தெரியவே தெரியாது. கடை முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். "எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா நடக்குது" என்று முடித்துவிட்டார். இன்னும் சில கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

இதை விதிமீறல் என்று மட்டும் பார்த்துக் கோபப்பட்டால் போதாது. கவுன்டருக்கு வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தறிப்பட்டறையில், சாயப்பட்டறையில், கட்டட வேலையில் இருப்பவர்கள். டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போகும், அதற்கு மேல் பீஸ். செட் மாத்திரை முப்பது, நாற்பது ரூபாய்க்கு முடிந்துவிடும். ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், கூடவே சின்னதாக வெள்ளையாக ஒன்று. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பல நேரம் டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. அதைப் போட்டால் உடம்பு வலி சட்டென்று குறையும், பசி எடுக்கும், ஆள் தெம்பாக உணர்வார். மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். அடுத்த காய்ச்சலுக்கும் அதே செட்டைத்தான் கேட்பார். சர்க்கரை ஏறுவதும் எலும்பு தேய்வதும் வெளியே தெரிய வருடக்கணக்காகும். அதற்குள் எந்தக் கடையில் எத்தனை முறை வாங்கினார் என்பது அவருக்கே ஞாபகம் இருக்காது.

முகத்தில் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளும் இதே கதைதான். சிவப்பழகுக் கிரீம் என்று நினைத்து மாதக்கணக்கில் பூசி, முகத்தோல் மெலிந்து வெயிலில் நிற்க முடியாமல் வரும் பெண்களைத் தோல் டாக்டர்களின் வரிசையில் பார்க்கலாம். படர்தாமரைக்கு இதைப் பூசிப் பூசி, அது எந்த மருந்துக்கும் கேட்காமல் போனதும் உண்டு. தோல் மருத்துவர் சங்கம் பல வருடம் போராடிய பிறகு 2018-ல்தான் இந்த ஸ்டீராய்டு களிம்புகள் முறையாக எச் அட்டவணைக்குள் வந்தன.

மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்றதும் எல்லோருக்கும் போதைதான் ஞாபகம் வருகிறது. அதுவும் பொய்யில்லை. கடந்த சில வருடங்களாக நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் 'போதை மாத்திரை' என்ற தலைப்பு வராத வாரம் குறைவு. அந்தச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டேபென்டடால். கடுமையான வலிக்கு எழுதும் ஓபியாய்டு வகை மாத்திரை, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்து. இது எப்படி முன்னுக்கு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு அண்ணன் மாதிரியான டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். டிரமடாலுக்குக் கணக்கும் தண்டனையும் கடுமையாயின. டேபென்டடால் அந்த வலைக்கு வெளியே நின்றது. 2013-ல் போட்ட 46 பட்டியலிலும் அது கிடையாது. ஒரு மருந்தை இறுக்கினால் தேவை பக்கத்து மருந்துக்கு நகர்ந்துவிடுகிறது. பட்டியலைத் திருத்த வருடங்கள் ஆகின்றன, போதை தேடும் பையன்களுக்குச் சில வாரங்களே போதும்.

கடையில் இருந்தபோது ஒரு சாயங்காலம் இரண்டு பையன்கள் வந்தார்கள். கல்லூரிப் பை, நல்ல சட்டை. போனில் ஒரு மாத்திரை அட்டையின் படத்தைக் காட்டி, "அக்கா, இது இருக்கா?" என்றான் ஒருவன். சீட்டு கேட்டேன். பாட்டிக்கு முதுகுவலி, சீட்டு வீட்டில் இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். அரை மணி நேரத்தில் ஒரு ஜெராக்ஸோடு வந்தார்கள். தேதி இருந்த இடத்தில் வெள்ளை மை பூசி, மேலே புதுத் தேதி எழுதி ஜெராக்ஸ் எடுத்திருந்தது அப்பட்டமாகத் தெரிந்தது. கொடுக்கவில்லை. "அசல் சீட்டு கொண்டு வாங்க தம்பி" என்றேன். பேசாமல் நின்ற இன்னொருவனின் முழங்கை மடிப்பில் வரிசையாகக் கறுத்த தழும்புகள். மாத்திரை என்பது விழுங்குவதற்கு என்றே செய்யப்பட்டது. அதைத் தயாரிக்கும்போது மருந்தோடு சேர்க்கும் டால்க், செல்லுலோஸ் போன்ற தூள்கள் தண்ணீரில் கரையாது. ரத்தக் குழாய்க்குள் போனால் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும், இதய வால்வில் கிருமி தங்கும், கை அழுகும். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனை எங்கே அனுப்புவது, எந்த அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் போதை மீட்பு சிகிச்சையும் இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த மாதிரிப் பையன்களுக்கு மாத்திரை எங்கிருந்து வருகிறது? பிடிபடும் வழக்குகளைப் பார்த்தால், கூரியர் பார்சலில், வெளிமாநில மொத்த வியாபாரியிடமிருந்து, போலி பில்லில் பெட்டி பெட்டியாக வருகிறது. மாவட்ட ஆட்சியர்கள் மருந்துக் கடைகளில் கேமரா கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். நல்லதுதான். ஆனால் பெட்டியாகப் போகும் சரக்கை என் கவுன்டருக்கு மேல் இருக்கும் கேமரா எப்படிப் பார்க்கும்? மருந்து எங்கே தயாரானது, எந்த மொத்த வியாபாரியிடம் எத்தனை பெட்டி போனது, அவரிடமிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். ஒரு சின்ன ஊர்க் கடை திடீரென்று பெரிய நகரத்து மருத்துவமனை அளவுக்கு வலி மாத்திரை வாங்கினால் அன்றைக்கே எங்கோ மணி அடிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டு மருந்துகளில் க்யூஆர் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. போலி மருந்தைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் அது மருந்து போன பாதையைச் சொல்லாது.

இதெல்லாம் போலீசும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் பார்க்க வேண்டிய பாதி. இன்னொரு பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு பாட்டி மாதா மாதம் வருவார். ஒரு நாள் கையில் கட்டோடு வந்தார். ராத்திரி எழுந்தபோது தலை சுற்றி வாசலில் விழுந்துவிட்டாராம். மணிக்கட்டில் விரிசல். எலும்பு டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினார். "ஆத்தா, இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, எல்லாத்தையும் ஒரு தடவை காட்டுங்க" என்றேன். அடுத்த முறை ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டு வந்து கவுன்டரில் கொட்டினார். பாதி வெட்டிய அட்டைகள், காகிதத்தில் மடித்தவை, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து கிடந்தவை. ரத்தக்கொதிப்புக்கு ஒரு தனியார் டாக்டர் எழுதியது ஒரு பிராண்டு. இன்னோர் இடத்தில் கொடுத்தது வேறு அட்டை, வேறு நிறம். இரண்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே மருந்து, அம்லோடிபின். பாட்டி இரண்டையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். அம்லோடிபின் அளவு கூடினால் பலருக்குக் கால் வீங்கும். வீங்கியிருக்கிறது. மூன்றாவதாக ஒரு டாக்டர் வீக்கத்தைப் பார்த்து நீர் இறக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார். அதனால் ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே அழுத்தம் இறங்கிய உடம்பு, எழுந்து நின்றதும் தலை சுற்றல். விழுந்த பிறகு நாலாவது டாக்டர் வலி மாத்திரை எழுதுகிறார். அந்த வகை வலி மாத்திரை இந்த வயதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

"இது எல்லாத்தையுமா திங்கறீங்க ஆத்தா?"

"ஆமா கண்ணு. எல்லாம் டாக்டர் குடுத்ததுதானே. ஒண்ணையும் விடறதில்ல."

அதில் ஒரு மருந்துகூட போதை மருந்து கிடையாது. ஒன்றுகூட எச்1 நோட்டில் ஏறாது. நாலு டாக்டர்களும் தங்கள் முன்னால் இருந்த பிரச்சினைக்குச் சரியான மருந்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் மற்ற மூன்று பேர் எழுதியது தெரியாது. நான் ரத்தக்கொதிப்பு டாக்டருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷன், எடுத்துப் பேசினார். பாட்டியை வரச்சொல்லிப் பரிசோதித்து இரண்டில் ஒன்றை நிறுத்தினார், அப்புறம் நீர் மாத்திரையையும் நிறுத்தினார். கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது.

இதுதான் கண்காணிப்பு என்று நான் நினைக்கிறேன். எல்லா அட்டைகளையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். நம்மிடம் இருக்கும் அமைப்பு, மருந்து வெளியே போனதா என்று மட்டும் எழுதுகிறது. அது யார் உடம்புக்குள் போய் வேறு எந்த மருந்தோடு சேர்ந்தது என்று கேட்பதே இல்லை. நோட்டு இன்ஸ்பெக்டருக்காக எழுதப்படுகிறது. நோயாளிக்காக எழுதப்பட்டால் அதில் இருக்கும் கட்டங்களே வேறு மாதிரி இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சேஃப்ஸ்கிரிப்ட் என்ற முறை 2018-ல் தொடங்கி, 2020 ஏப்ரலிலிருந்து கட்டாயமாகியது. அங்கே சாலை விபத்தைவிட மருந்துச்சீட்டில் வாங்கும் மருந்துகளால் இறப்பவர்கள் அதிகம் என்ற நிலை வந்த பிறகுதான் அரசு இதில் இறங்கியது. வலி மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றை எழுதும் டாக்டரும், கொடுக்கும் மருந்தாளுநரும் அந்த நோயாளி சமீபத்தில் வேறு எங்கே என்ன வாங்கினார் என்று திரையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை செய்ய வேண்டும். பல டாக்டர்களிடம் வாங்கியிருந்தாலோ, சேரக்கூடாத இரண்டு மருந்து சேர்ந்தாலோ, அளவு ஆபத்தான எல்லையைத் தாண்டினாலோ எச்சரிக்கை நிறம் மாறிக் காட்டும். முடிவெடுப்பது டாக்டரும் மருந்தாளுநரும்தான்.

அமெரிக்காவின் கதை வேறு பாடம். 1996-ல் ஆக்ஸிகோன்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றதைப் பற்றி 2007-ல் அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராக அழிவு. மாநிலம் மாநிலமாக மருந்துச்சீட்டுத் தரவுத்தளம் வைத்தார்கள். கடைசியாக மிசௌரி 2021-ல்தான் அதற்குச் சட்டம் இயற்றியது. ஆனால் கண்காணிப்பு வந்ததும் பல டாக்டர்கள் பயந்துபோய், வருடக்கணக்காக வலி மருந்தில் இருந்தவர்களுக்குத் திடீரென்று நிறுத்தினார்கள். சிலர் வலி தாங்காமல் தெருவில் கிடைத்ததை வாங்கினார்கள், அதில் மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் கலந்திருந்தது. இப்படித் திடீரென நிறுத்துவது ஆபத்து என்று அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2019-ல் எச்சரிக்க வேண்டி வந்தது. வலி மருந்து எழுதுவது பற்றி அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை 2022-ல் தளர்த்தித் திருத்தினார்கள். திரையில் சிவப்பு வந்தால் ஆளை வெளியே அனுப்பு என்று புரிந்துகொண்டால் கண்காணிப்பே ஆளைக் கொன்றுவிடும்.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு மார்ஃபின் வைத்திருப்பதே வம்பு என்று மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொண்டன. நாலைந்து துறைகளில் உரிமம் வாங்க வேண்டியிருந்தது, ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். சட்டப்படி அபின் பயிரிட்டு உலகத்துக்கே அனுப்பும் நாட்டில், புற்றுநோய் முற்றியவர்கள் மார்ஃபின் கிடைக்காமல் கத்திக் கத்திச் செத்தார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் பல வருடம் விடாமல் போராடியதில் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. அவசியமான ஆறு போதை மருந்துகளுக்கு ஒரே உரிமம் போதும் என்றானது. இன்றைக்கும் மாவட்டத் தலைநகரம் தாண்டினால் மார்ஃபின் மாத்திரை கிடைப்பது கஷ்டம்.

இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் பாருங்கள். அதற்குத் தனி உரிமம், பூட்டிய அலமாரி, சீட்டு இரண்டு பிரதி, அதில் ஒன்றைக் கடையில் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் இந்த வேலை எதற்கு என்று பெரும்பாலான கடைகள் அந்த உரிமமே வாங்குவதில்லை. கவனக்குறைவுக் கோளாறு உள்ள குழந்தைக்கு மீதைல்ஃபெனிடேட் வாங்க ஒரு அப்பா பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போக வேண்டியிருக்கிறது. கருக்கலைப்பு மாத்திரை கிடைப்பதும் அதே மாதிரிக் கஷ்டம்தான். சட்டப்படி டாக்டர் எழுதிய சீட்டோடு ஒரு பெண் வந்தாலும், "அது நாங்க வைக்கிறதில்லம்மா" என்பதுதான் பல கடைகளின் பதில். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பாரே என்ற பயத்தில் மருந்தையே வைக்காமல் விட்டால் அந்தக் கணக்கு எங்கேயும் பதிவாகாது. கிடைக்காமல் போன மருந்துக்கு எந்த நோட்டும் கிடையாது.

இன்னொரு பயமும் நியாயமானது. எல்லாச் சீட்டும் கணினிக்குள் போனால் யார் பார்ப்பார்கள்? சின்ன ஊரில் ஒருத்தி பதற்ற நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது வெளியே தெரிந்தால் அவள் கல்யாணப் பேச்சே நின்றுபோகும். இந்தக் காரணத்துக்காகவே பக்கத்து ஊர்க் கடையில் மருந்து வாங்குகிறவர்கள் எனக்குத் தெரியும். எந்த நோயாளியின் விவரத்தை யார், எப்போது திறந்து பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும், தேவையில்லாமல் திறந்தவருக்குத் தண்டனை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மக்கள் சீட்டே இல்லாத பக்கம்தான் போவார்கள்.

கணினி வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. 1945-ஆம் வருட விதிகளிலேயே ஒன்று உண்டு. மருந்து கொடுத்ததும் சீட்டில், டாக்டர் கையெழுத்துக்கு மேலே, கடையின் பெயரும் முகவரியும் கொடுத்த தேதியும் போட வேண்டும். டாக்டர் குறிப்பிட்டிருந்தால் ஒழிய அதே சீட்டுக்கு மறுபடி மருந்து கொடுக்கக் கூடாது. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். பெரும்பாலான கடைகளில் குத்துவதில்லை. நாங்கள் இப்போது எங்கள் மருந்தகத்தில் ஒவ்வொரு சீட்டிலும் குத்துகிறோம். எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்றும் பக்கத்தில் எழுதுகிறோம். அடுத்த கடைக்காரர் அதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கேரளத்தில் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று தொடங்கி, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர் சோதனை நடத்தினார்கள். பொதுமக்களும் புகார் கொடுக்கலாம் என்றார்கள். ஆன்டிபயாடிக்கைத் தனியாக நீல உறையில் போட்டுக் கொடுப்பதும் அங்கே வந்தது. வாங்குகிறவருக்குத் தன் கையில் இருப்பது எந்த வகை மருந்து என்று தெரிவதே ஒரு பாதுகாப்பு.

கடைசியாகப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்வது. உலகம் இதை மிகக் கொடூரமான வழியில் கற்றுக்கொண்டது. தாலிடோமைடு சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குக் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தபோது, அதைக் கவனித்து 1961-ல் வெளியே சொன்னவர்கள் தனித்தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்கள். விவரங்களைச் சேர்த்துப் பார்க்க ஓர் இடம் அப்போது இல்லை. பக்கவிளைவுகளை டாக்டர்கள் எழுதி அனுப்பும் மஞ்சள் அட்டை முறையைப் பிரிட்டன் 1964-ல் கொண்டுவந்தது அதனால்தான். இந்தியாவில் 2010-ல் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கி, 2011-லிருந்து காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதை நடத்துகிறது. 2023 நவம்பர் இறுதியில் அவர்கள் விடுத்த எச்சரிக்கை ஒன்று மெஃபனமிக் அமிலத்தைப் பற்றியது. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் கைப்பையிலேயே வைத்திருக்கும் மாத்திரை அது. அரிதாகச் சிலருக்குத் தோலில் தடிப்பு, காய்ச்சல், உள்ளுறுப்புப் பாதிப்பு என்று கடுமையான ஒவ்வாமை வருகிறது, கவனியுங்கள் என்றது எச்சரிக்கை. நாடு முழுவதும் இருந்து வந்த பதிவுகளை அலசித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பதிவை டாக்டர்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. நீங்களும் அனுப்பலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். இந்த மருந்தால்தான் வந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். யாருக்கு வந்தது, எந்த மருந்து, என்ன ஆனது, சொல்வது யார் என்ற நாலு விவரம் இருந்தாலே எடுத்துக்கொள்வார்கள். பெயர் முழுதாக வேண்டாம், முதலெழுத்துகள் போதும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், பல நேரம் அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். "அந்த நம்பர் இருக்கிற பக்கத்தைக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் இரண்டு அட்டையில் ஒன்றாக இருந்தால், அதை அவரிடம் காட்டிக் கேளுங்கள்.